முன்சீட்டுக்கு ஒன்பதே முக்கால் மணி

பேருந்துகளுக்குக் கூண்டு கட்டும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த அவரை, சம்பளப் பிரிவில் இருந்தவர்கள் மட்டும்தான் பெற்றோர் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் 'நிமிஷம்'. அவருடைய வேலை அப்படி. கையில் ஓர் அட்டையும் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச்சுமாகப் போய், வேலை செய்கிறவர் பக்கத்தில் நின்று நேரம் எடுப்பார். ஒரு ஜன்னல் கண்ணாடி பொருத்தப் பதினோரு நிமிடம். ஒரு கைப்பிடிக் கம்பியை முடுக்க ஆறு நிமிடம். அவர் எழுதிய எண் மேலே போய், ஒரு ஆள் ஒரு நாளைக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்ற உத்தரவாகக் கீழே வரும்.

இப்படிப்பட்ட மனிதரோடு யார் சிரித்துப் பேசுவார்கள்? அவர் தலை தெரிந்தாலே சுத்தியல் ஓசை தவிர மற்றதெல்லாம் அடங்கிவிடும். கேன்டீனில் அவர் உட்காரும் மேஜையில் மற்ற மூன்று நாற்காலிகளும் காலியாகவே கிடக்கும். அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எண்ணில் பொய் சொல்லக் கூடாது என்று ஒரே ஒரு வைராக்கியம் வைத்திருந்தார். மேலாளர் குறைக்கச் சொன்னாலும் குறைத்ததில்லை, தொழிலாளி கெஞ்சினாலும் கூட்டியதில்லை. வீட்டில் மனைவி மட்டும் கிண்டல் செய்வாள்: "நான் கோவிச்சுக்கிட்டாக்கூட எத்தனை நிமிஷத்துல இறங்குதுன்னு மனசுக்குள்ள பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் தம்பி வந்து நின்றான். மருந்துக்கடை வைத்திருப்பவன். கொஞ்சம் அவசரக்காரன், மற்றபடி நல்லவன். அவனிடம் ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய கார் ஒன்று இருந்தது. உருண்டை விளக்கும் வெளிர்ப்பச்சை நிறமுமாக, பார்க்கத் தவளை மாதிரி இருக்கும். இரண்டு வருடமாக அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சின் ஆயிற்று, பெயின்ட் ஆயிற்று. பாக்கி இருந்தது சீட்டுகள்தான்.

"மாமா, நீங்க ஒரு இடத்துக்கு வரணும்" என்றான். "சீட்டுக்கு வேண்டிய ஃபோம், லெதர் உறை எல்லாம் அளவெடுத்துத் தைச்ச செட்டாவே வெளிநாட்டுல இருந்து வரவழைச்சுட்டேன். மாட்டுறது ஒண்ணுதான் வேலை. அதுக்கு ஒரு சீட்டுக்கடை அம்மா கேக்குற கூலி, செட்டோட விலையில முக்கால்வாசி. முப்பத்திரெண்டு மணி நேர வேலையாம். நான் வீடியோவுல பார்த்தேன், ஒருத்தன் இருபது நிமிஷத்துல மாட்டிட்டுப் போறான்."

"அப்ப அவனையே கூப்பிட வேண்டியதுதானே" என்றாள் அக்காக்காரி அடுப்படியிலிருந்து.

"கேளுங்க மாமா. நான் ரொம்பப் பேசினதும் அந்த அம்மா என்ன சொல்லிச்சு தெரியுமா? வேலை தெரிஞ்ச நியாயமான ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, அவர் சொல்ற கூலிக்கு நான் கட்டுப்படுறேன்னு சொல்லிச்சு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல உங்களை விட்டா யாரு இருக்கா?"

வேலையை விட்ட பிறகு அவரிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனார். மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டயர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. நீளமான ஒற்றை அறை. சுவரோரம் ஃபோம் பலகைகள் சாய்ந்து நின்றன. நடுவே சாக்கு விரித்த பெரிய மேஜை, அதற்குப் பின்னால் கனமான தையல் மிஷின். மிஷினிலிருந்து நிமிர்ந்த பெண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

தொழிற்சாலையில் சீட் பிரிவில் இருந்தவள். கை வேகத்தைப் பார்த்து எல்லோரும் 'மின்னல்' என்று கூப்பிட்டவள். இரண்டு பேர் உட்காரும் பேருந்து சீட்டுக்கு உறை மாட்டப் பதினான்கு நிமிடம் என்று அவர் கணக்கு எழுதியது, அவள் பக்கத்தில் நின்றுதான். அந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்து மூன்றே மாதத்தில், ஃபோம் அறுக்கும் மிஷினில் மின்னலின் இடது ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள், தொழிற்சாலை நடைபாதையில் அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "நிமிஷம் காவு வாங்கின விரல்."

பதினோரு வருடம் ஆகிறது. பதினான்கைப் பதினேழாக மாற்றச் சொல்லி அவர் மேலாளரிடம் ஒரு தடவை கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. மறுபடி கேட்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இத்தனை வருடமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தார். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"அட, நிமிஷம் சார்" என்றாள் மின்னல். அவரையும் மருந்துக்கடைக்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நியாயம் சொல்ல வந்தவரு நீங்கதானா?"

"இல்லம்மா. நான் சும்மா..." அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். "வேற ஆளைப் பார்த்துக்கட்டும். நான் வேண்டாம்."

"ஏன், உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? எனக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு. முதல் சீட்டைக் கழட்டுறதுல இருந்து மாட்டுற வரைக்கும் முழுசா உக்காந்து பார்க்கணும். பாதியில எந்திரிச்சுப் போய்க் கணக்குச் சொல்லக் கூடாது."

மருந்துக்கடைக்காரன் சம்மதித்தான். அவருக்கு ஒரு முக்காலி போடப்பட்டது. உட்கார்ந்ததுமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்: இவள் கேட்பது எதுவானாலும் அதுதான் நியாயமான கூலி. முப்பத்திரண்டு கேட்டால் முப்பத்திரண்டு. நாற்பது கேட்டிருந்தாலும் நாற்பது. தன்னால் முடிந்தது அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காரில், ஓட்டுநர் சீட்டைத் தரையோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் துருவேறிக் கிடந்தன. மின்னல் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்று மட்டும் மசியவில்லை. அதன் தலையை ராவி எடுக்க வேண்டியதாயிற்று. சீட்டை மேஜைக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு, பழைய உறையைச் சட்டத்தோடு கவ்வியிருந்த சிறு கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். அறுபத்து நான்கு வளையங்கள். உறை கழன்றதும் ஐம்பது வருடத் தூசி எழும்பி, மூன்று பேரும் மாறி மாறித் தும்மினார்கள். மக்கிப்போன தேங்காய் நார் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. அதற்குள் ஒரு சீப்பும், இரண்டு கொண்டை ஊசியும், எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவியும் கிடந்தன.

"இதெல்லாம் வீடியோவுல வந்துச்சா?" என்று மின்னல் கேட்டாள்.

"அவன் புது சீட்டைத்தான் மாட்டினான்" என்று முனகிவிட்டு, மருந்துக்கடைக்காரன் கடையைத் திறக்கப் போனான்.

நாருக்கு அடியில் ஸ்பிரிங்குகள் மூன்று முறிந்திருந்தன. சட்டத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பக்கத்து வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பற்றவைத்து, சூடு ஆறக் காத்திருந்து, துருவைச் சுரண்டி, கறுப்பு பெயின்ட் அடித்து, ஸ்பிரிங்குகளை மாற்றினாள். அவர் பக்கத்தில் இருந்து அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். தொழிற்சாலையில் என்றால், ஆள் சும்மா நிற்கிற நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவார். இங்கே நிறுத்தவில்லை. பெயின்ட் காய்வதைத் தொட்டுப் பார்ப்பதும், புது ஃபோமைச் சட்டத்தின் மேல் வைத்துத் தலையைச் சாய்த்து யோசிப்பதும் சும்மா நிற்பது இல்லை என்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. வெளிநாட்டு ஃபோம் ஓர் அங்குலம் அகலமாக இருந்தது. மின்னல் சாக்பீஸால் கோடு போட்டு, நீளக் கத்தியால் ஓரத்தைச் சீவினாள். சீவி முடித்து, கத்தியை வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாக அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"சார், அது இருபது நிமிஷம். நீங்க முப்பதுன்னு போட்டிருக்கீங்க."

அவர் பேனாவை மூடினார்.

"மேலயும் பாருங்க. போல்ட்டு கழட்டினது அம்பது. எழுபதுன்னு இருக்கு. என்ன சார் இது? தொழிற்சாலையில ஒரு நிமிஷம் கூட்டிக் குடுங்கன்னு அத்தனை பேர் கெஞ்சினப்போகூட மாட்டேன்னு சொன்ன மனுஷன் நீங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அவர் அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் கையைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த விரல்... அன்னிக்கு நான் அந்தப் பதினாலைப் போடாம இருந்திருந்தா..."

மின்னல் தன் விரலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இதுவா? இதையா இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. அன்னிக்கு என் கணக்கைப் பன்னெண்டு மணிக்கே முடிச்சுட்டேன். எனக்குப் பதினாலு நிமிஷமே அதிகம். சாப்பாட்டு நேரத்துல யாரும் இல்லாதப்போ, என் தங்கச்சி குழந்தைக்கு மெத்தை ஒண்ணு பண்ணலாம்னு கழிவு ஃபோமை எடுத்து அறுத்தேன். பாதுகாப்புத் தகட்டை நானேதான் தூக்கி விட்டேன். கவனம் வாசல் பக்கம் இருந்துச்சு, யாராவது வந்துடுவாங்களோன்னு. அதுல போச்சு."

"அப்ப எல்லாரும் சொன்னது..."

"சங்கத்து ஆளுங்கதான் சொன்னாங்க. வேலைப் பளுன்னு சொன்னாத்தான் நஷ்ட ஈடு கிடைக்கும், நீ வாயைத் திறக்காதேன்னு. நானும் திறக்கல. அந்தப் பணத்துலதான் இந்த மிஷினை வாங்கினேன்." குரல் தாழ்ந்தது. "அது சரின்னு நான் சொல்லல. கம்பெனி தலையில விழுந்துச்சு, கம்பெனிக்குத் தாங்கும்னு நினைச்சேன். உங்க தலையில விழுந்துருக்குன்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அப்பவே வீடு தேடி வந்து சொல்லியிருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். வெளியே டயர் கடையில் காற்றடிக்கிற இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோலத் தோள்கள் தாமாகவே தழைந்தன. மூச்சு அடிவயிறு வரை போய் வருவது அவருக்கே புதிதாக இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் மின்னல், எழுந்துகொண்டே. "அந்தப் பதினாலு தப்புதான். எனக்கு இல்ல, மத்தவங்களுக்கு. என் பக்கத்துல ஒரு பெரியம்மா வேலை செஞ்சாங்க, ஞாபகம் இருக்கா? அவங்களுக்குப் பதினெட்டு ஆகும். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கை முடிப்பாங்க. நீங்க என்னைப் பார்த்ததுக்குப் பதிலா அவங்களைப் பார்த்திருக்கணும்."

"ஆமா" என்றார் அவர். "ரெண்டு பேரையும் பார்த்திருக்கணும்." அதைச் சொல்வது எதிர்பார்த்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அட்டையை நிமிர்த்தி, பொய்யாக எழுதிய எண்களை எல்லாம் அடித்துவிட்டுச் சரியானதை எழுதினார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதுக்குத்தான் அந்த வருஷம் பூரா தூங்காம புரண்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"ம்."

"நான் பிரஷர்னு நினைச்சு அன்னிக்கு உப்பைக் குறைச்சேன். பதினோரு வருஷமா இந்த வீட்டுல யாரும் வாய்க்கு ருசியா சாப்பிடல." கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள், இந்தத் தடவை சிரிக்காமல்.

மறுநாள் உறை மாட்டும் வேலை. புது லெதர் விறைப்பாக இருந்தது. முதலில் வெயிலில் விரித்துப் போட்டு, பிறகு நீராவி காட்டி இளக்கினாள். ஃபோமின் மேல் இழுத்து, முழங்காலால் அழுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இடுக்கியை முறுக்கி வளையம் போட்டாள். பத்து வளையம் போட்டதும் எழுந்து நின்று பார்த்தாள். ஓரத்தில் ஓடும் தையல் கோடு ஒரு நூல் அளவுக்கு வளைந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. அவள் பத்தையும் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

மத்தியானம் மருந்துக்கடைக்காரன் வந்து சேர்ந்தான். "நான் ஒண்ணு போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு இடுக்கியை வாங்கினான். வளையம் இரண்டு தடவை தெறித்து ஃபோம் பலகைகளுக்குப் பின்னால் போய் விழுந்தது. மூன்றாவது தடவை கட்டைவிரல் தோலைக் கவ்விக்கொண்டது. ஒரு வளையத்துக்கு ஏழு நிமிடம் ஆனதை நிமிஷம் அட்டையின் ஓரத்தில் குறித்துவைத்தார். மருந்துக்கடைக்காரன் தன் கடை பிளாஸ்திரியையே பையிலிருந்து எடுத்து விரலில் ஒட்டிக்கொண்டு, பேசாமல் ஓரமாக உட்கார்ந்தான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முதல் சீட்டு தயாராயிற்று. ஒன்பதே முக்கால் மணி நேரம். அதன் பிறகு அவர் பின்சீட்டைக் கவிழ்த்து அரைமணி நேரம் பார்த்தார். வளையங்களை எண்ணினார், சட்டத்தைத் தட்டினார், முழத்தால் அளந்தார்.

"சொல்லுங்க மாமா" என்றான் மச்சினன்.

"முதல் சீட்டுல ஸ்பிரிங்குக்கும் பற்றவைப்புக்கும் போனது ஒன்றரை மணி. அது இந்த அம்மா சொன்ன கூலியில சேரவே இல்ல. உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு திறக்காம யாருக்கும் தெரியாது. அதைக் கழிச்சா எட்டேகால். ரெண்டாவது முன்சீட்டுக்கு ஏழு போதும், அளவு இப்ப கைக்குப் பழகிடுச்சு. எல்லாத்தையும் காருக்குள்ள வச்சு நேர் பார்க்க ரெண்டு." அவர் மின்னல் பக்கம் திரும்பினார். "பின்சீட்டுக்கு நீங்க எத்தனை வச்சிருக்கீங்க?"

"பதினஞ்சு."

"அது அதிகம்மா. முன்ன பின்ன நகர்த்துற தண்டவாளம் அதுல கிடையாது. மடக்குறதும் இல்ல. நீளம்தான் அதிகம். பன்னெண்டுல முடியும்."

நேற்றுக் காலையில் என்றால் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மின்னல் பின்சீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு தையலைத் தடவினாள்.

"சரிதான்" என்றாள். "பழைய கார், உள்ள என்ன இருக்குமோன்னு பயந்து கூடப் போட்டுட்டேன். பன்னெண்டே இருக்கட்டும்."

"அப்ப மொத்தம் இருபத்தொன்பதே கால் மணி. உள்ள உடைஞ்சிருக்கிறதைத் திறந்ததும் உனக்குக் காட்டிட்டு, அதுக்குத் தனியா வாங்கிக்கணும். இன்னொண்ணு மாப்ளே. இவங்க கேக்குறதை மணிக்கணக்குக்கு வகுத்துப் பாரு. உன் இஞ்சின் மெக்கானிக் மணிக்கு வாங்கினதை விடக் கம்மி. அவர்கிட்ட நீ வாயே திறக்கல."

மருந்துக்கடைக்காரன் பிளாஸ்திரி ஒட்டிய விரலைத் தடவிக்கொண்டான். "அவர் இஞ்சினுக்குள்ள என்ன பண்றார்னு எனக்குப் புரியல மாமா. இது தையல் வேலைதானேன்னு நினைச்சுட்டேன்." பிறகு மின்னலிடம், "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றான். அதுவரை அவளை 'அந்த அம்மா' என்றே சொல்லிவந்தவன்.

இரண்டாவது சீட்டில் ஸ்பிரிங் ஒன்று மட்டும் முறிந்திருந்தது. பின்சீட்டுக்குள் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்தபோது, உடைந்ததைச் சரிசெய்த இரண்டு மணியும் சேர்த்து, முப்பத்தொன்றே கால் மணி ஆகியிருந்தது. அவள் முதலில் கேட்டதைவிட முக்கால் மணி நேரம்தான் குறைவு.

"இதுக்கா இத்தனை அலைச்சல்?" என்றான் மருந்துக்கடைக்காரன்.

"எதுக்குக் குடுக்குறோம்னு இப்ப தெரியும்ல" என்றார் அவர்.

அவன் சிரித்துவிட்டு முழுக் கூலியையும் அன்றே கொடுத்தான். மின்னல் அவரிடம் வந்து நின்றாள். "சார், இனி கூலித் தகராறு வந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்றாள். "காபி வாங்கித் தருவேன், அவ்வளவுதான்." தெரு முனைக் கடைக்குப் போய் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து குடித்தார்கள். பெரியம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று அவர் விசாரித்தார். மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், முதுகு மட்டும் அவ்வப்போது தொந்தரவு செய்கிறது என்று மின்னல் சொல்லி, முகவரியும் எழுதிக் கொடுத்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அங்கே என்ன பேசுவது என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் போக முடியாத பயமாக அது இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரன் காரை எடுத்துக்கொண்டு வந்து, அக்காவைப் பின்சீட்டிலும் மாமாவை முன்சீட்டிலும் ஏற்றினான். ஆற்றுப் பாலம் வரை போனார்கள். மனைவி முதலில் ஜன்னல் பிடியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள், பிறகு குலுக்கலைப் பற்றி. பாலம் தாண்டியதும் பேச்சைக் காணோம். அவர் திரும்பிப் பார்த்தார். புது லெதரில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசல் வந்தது. மச்சினன் பிரேக்கில் கால் வைத்தான்.

"நிறுத்தாதே" என்றார் அவர் மெதுவாக. "இன்னும் ஒரு சுற்று போ."

கார் தெருமுனையில் திரும்பியது.